பத்து மீனும் ஒரு வாளித் தண்ணீரும்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஆறு வாரமாக ஒரு மீன் தொட்டி இருக்கிறது. மண் இருக்கிறது, மரக்கட்டை இருக்கிறது, செடிகள் வளர்ந்து தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டன. மீன் மட்டும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்பது ஒரே கேள்விதான்: "மீன் எங்கே?"

காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஜொகூர்காரர்களுக்கு அம்மோனியா புதிய சொல் அல்ல. ஆற்றில் அது கூடிப்போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். மீன் தொட்டியிலும் அதே கதைதான். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அதுவே உருவாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரிலும் மண்ணிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். செடிகளும் தங்கள் பங்குக்கு அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று இப்போதுதான் காட்டுகிறது.

மீன் விடலாம். எத்தனை விடலாம் என்பதில்தான் வீடு இரண்டு வாரமாக விவாதித்தது.

மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து வகை மீன், வகைக்கு இரண்டு என்று பட்டியலே போட்டுவிட்டாள். "ஜோடி ஜோடியா இருக்கட்டும்பா, பாவம்!" என்றாள். மனைவியின் கவலை வேறு: "தீபாவளிக்குச் சிகாமட் போனா யார் பாத்துக்கிறது?" கடைக்காரரிடம் தொட்டியின் அளவைச் சொன்னேன். "தீகா பூலு பூன் போலே, போஸ்" என்றார். முப்பதுகூட விடலாமாம். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் அந்த மீன்களோடு இருக்கப்போகிறவர் அவர்தான். நான் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பாலம் தாண்டி சிங்கப்பூர் போனால், திரும்ப இரவு எட்டாகிவிடும். மனைவிக்கும் வேலை. பகலில் வீட்டில் இருப்பவர் எழுபத்திரண்டு வயதான அப்பா ஒருவரே.

முதலில் கணக்கைப் பார்த்தேன். எங்கள் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம். பெருக்கினால் கிட்டத்தட்ட 65 லிட்டர். ஆனால் ஐந்து சென்டிமீட்டர் மண்ணே 9 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. மேலே மூன்று சென்டிமீட்டர் காலியாக விடுகிறோம், அது 5 லிட்டருக்கு மேல். கட்டையையும் கழித்தால் உண்மையான தண்ணீர் 50 லிட்டரைத் தாண்டாது.

மீன் வளர்ப்பவர்களிடையே ஒரு பழைய விதி உண்டு: ஒரு கேலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். அதன்படி எங்கள் 50 லிட்டருக்கு 13 அங்குலம். இரண்டங்குல மீன் என்றால் ஆறு விடலாம். ஆனால் அதே விதி பதின்மூன்று அங்குல மீன் ஒன்றையும் அனுமதிக்கிறது! அது இந்தத் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. நீளம் இரட்டிப்பானால் மீனின் எடை எட்டு மடங்காகும். உண்பதும் கழிப்பதும் நீளத்தைவிட எடையோடுதான் அதிகம் சேர்ந்து போகும். ஆகவே அந்த விதி சின்ன மீனுக்குத் தோராயமாகப் பொருந்தும், அவ்வளவுதான்.

செடித் தொட்டிக் கலையை உலகுக்குக் காட்டியவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தக்காஷி அமானோ (1954-2015). அவர் கடைசியாகச் செய்த பெரும் பணி, போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் 2015-இல் திறந்த 40 மீட்டர் நீளத் தொட்டி. அதில் 160,000 லிட்டர் தண்ணீர், சுமார் 10,000 மீன்கள். படத்தில் பார்த்தால் மீன் மயமாகத் தெரியும். வகுத்துப் பார்த்தால் மீன் ஒன்றுக்கு 16 லிட்டர்! அந்தக் கணக்கை எங்கள் வீட்டில் போட்டால் மூன்று மீன்தான் விட முடியும். மகள் அழுதுவிடுவாள்.

ஆக, விதிப்படி ஆறு, லிஸ்பன்படி மூன்று, கடைக்காரர்படி முப்பது. குழப்பத்தைத் தீர்த்தவர் அப்பா.

கைப்பேசியில் மீன் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். செம்பு நிற உடலில் நடுவிலிருந்து வால்வரை கறுப்பு முக்கோணம் போட்ட ஒரு மீனைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். ஹார்லெக்குவின் ரஸ்போரா. மலாய்க்காரர்கள் செலுவாங் என்று சொல்லும் மீன்களின் இனம். "எஸ்டேட்டுக்குப் பின்னால காட்டு ஓடையில இது ஓடும்யா. தண்ணி தேத்தண்ணி மாதிரி இருக்கும். இதைத் தனியா ஒண்ண நான் பாத்ததே இல்ல, கூட்டமாத்தான் வரும்" என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த மீனை ஜெர்மானிய விலங்கியலாளர் டங்கர் 1904-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில் அவர் விவரித்த இன்னொரு குட்டி ரஸ்போரா நம்முடைய மூவார் வட்டாரத்தில் கிடைத்தது. இலைகள் ஊறிக் கறுத்த சதுப்புக்காட்டு நீர்தான் இவற்றின் வீடு. ஆயர் ஹீத்தாம் என்ற ஊர்ப்பெயருக்கே கறுப்புத் தண்ணீர் என்றுதானே பொருள்? அந்தக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனைத் தோட்டம். அப்பா பார்த்த ஓடையும் இப்போது இல்லை.

கூட்டமாக வாழும் மீனை இரண்டு மூன்றாக விட்டால் செடிக்குள் ஒளிந்துகொண்டு பயந்தே வாழும், நிறமும் வெளுக்கும். எட்டு, பத்து சேர்ந்தால்தான் வெளியே வந்து நீந்தும். மகளின் "ஜோடி ஜோடி" பட்டியல் அங்கே முடிந்தது. ஐந்து வகையில் இரண்டிரண்டு என்றாலும் பத்து, ஒரே வகையில் என்றாலும் பத்து. ஆனால் முதலாவது பத்தில் ஒவ்வொரு மீனும் அநேகமாகத் தனிமையில்தான் இருக்கும்.

அப்படியானால் ஏன் இருபது இல்லை? இங்கேதான் மோசமான நாளை யோசித்தேன். பகலில் செடிகள் ஆக்சிஜனைத் தருகின்றன. இரவில் அவையும் மீனைப்போலவே அதைச் செலவழிக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் தண்ணீருக்கே ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. 25 பாகையில் ஒரு லிட்டரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கரையும், 30 பாகையில் 7.5 தான். இடி இடித்து மெயின் சுவிட்ச் விழுந்தால் ஃபில்டரும் நின்றுவிடும். வீட்டில் ஆள் இல்லாத இரவில் அப்படி நடந்தால், பத்து மீனுக்கு விடியும்வரை தாங்கும் காற்று முப்பது மீனுக்குத் தாங்காது.

தீபாவளிப் பயணத்துக்கும் இதே பதில்தான். வளர்ந்த, ஆரோக்கியமான மீன்கள் மூன்று நான்கு நாள் உணவில்லாமல் இருந்துவிடும். பாவம் பார்த்துப் பக்கத்து வீட்டார் அள்ளிப் போடும் உணவுதான் ஆபத்து.

கடைசிக் கணக்கு வாளி. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். எங்களுக்கு அது 12 லிட்டர், ஒரு வாளி. குளோரின் நீக்கி மருந்து விட்டு, ஞாயிறு காலையில் நான் ஊற்றிவிடுவேன். எனக்கு ஞாயிறும் வேலை வந்தால் அப்பா பாதிப் பாதியாக இரண்டு நடையில் முடித்துவிடலாம். முப்பது மீன் என்றால் கழிவு மூன்று மடங்கு. வாரத்தில் மூன்று வாளியை முழங்கால் வலியுள்ளவர் தலையில் கட்டிவிட்டு, அவருக்குத் துணையாகத்தான் மீன் வாங்கினோம் என்று நான் எப்படிச் சொல்வது?

ஆகவே பத்து. அதையும் ஒரே நாளில் விடப்போவதில்லை. திடீரென்று கூடும் கழிவுக்கு ஏற்ப பாக்டீரியாவும் பெருக வேண்டும். வரும் சனிக்கிழமை ஐந்து. இரண்டு மூன்று வாரம் தண்ணீரைச் சோதித்து, எண்கள் பூஜ்யத்திலேயே நின்றால் மீதி ஐந்து.

தொட்டி வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கடையில் எத்தனை மீன் பிடிக்கும் என்று கேட்பதற்கு முன், வீட்டில் வாளி தூக்கப்போவது யார், மின்சாரம் போனால் இருக்கப்போவது யார் என்று கேளுங்கள். எண்ணிக்கை தானாகவே குறையும். குறைவாகத் தொடங்கினால் பிறகு எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம்.

அப்பா இப்போதே சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்துவிட்டார்: காலையில் ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மகள் நாட்காட்டியில் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே "5" என்று எழுதி வைத்திருக்கிறாள்.