துருப்பிடித்த எர்த் கம்பியும் துருப்பிடித்த நமது எண்ணமும்



சென்ற கோடையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், திருவொற்றியூரில் பட்டறை நடத்தும் சகோதரர் ஒருவர் நம்மைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "ஹஜ்ரத், மெஷினுக்குக் கண்ணேறு பட்டுவிட்டது போலிருக்கிறது. தாங்கள் வந்து ஓதிப் பார்க்க வேண்டும்" என்றார்.

மனைவியின் நகைகளை விற்று அவர் வாங்கிய சி.என்.சி. மில்லிங் மெஷின் அது. இரண்டு மாதங்களாக, துளை விழ வேண்டிய இடத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி விழுகிறது. வார்ப்புகள் வீணாகின்றன. "பகலில் பையன் ஓட்டும்போதுதான் இப்படி ஆகிறது. இரவில் நான் ஓட்டினால் ஒரு பிழையும் இல்லை. நஷ்டத்தை அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்" என்றும் சொன்னார்.

அந்தப் பையன் நம்மிடம் ஓதியவன். சிறுவயதில் பாடத்தை அடிக்கடி மறந்துவிட்டு வந்து நிற்பான். அந்த நினைவில், "அவன் கொஞ்சம் கவனக்குறைவானவன்தான்" என்று சொல்லிவிட்டோம். நாம் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் இக்கட்டுரையில் உங்கள் முன் ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

மறுநாள் காலை பட்டறைக்குச் சென்று ஓதினோம். கண்ணேறு உண்மை என்பது நமது நம்பிக்கை. ஓதிப் பார்ப்பது நபிவழி. ஆனால் நாம் ஓதி முடிப்பதற்குள், அக்கம்பக்கத்தார் சொல்லி வரவழைத்திருந்த எலக்ட்ரீஷியன் ஒருவரும் வந்து சேர்ந்தார். தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர். அவர் மெஷினைத் தொடவில்லை. முதலில் பையனை அழைத்து, "நீ என்னப்பா பார்த்தாய்?" என்று கேட்டார். அந்த இரண்டு மாதங்களில் அவனிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

"ஐயா, மெஷினில் கை வைத்தால் சில நேரம் சுள்ளென்று இழுக்கிறது" என்றான் அவன்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாரங்களுக்கு முன் இதே வார்த்தையை அவன் நம்மிடமும் சொல்லியிருந்தான். "பிஸ்மில்லாஹ் சொல்லி வேலையைத் தொடங்கு" என்று அறிவுரை கூறி அனுப்பிவிட்டோம்.

அந்த மெஷினில் டச் புரோப் என்றொரு கருவி உண்டு. மெல்லிய ஊசி, அதன் நுனியில் சிறு உருண்டை. அது இரும்பைத் தொட்டவுடன், 'பொருள் இங்கே இருக்கிறது' என்று மெஷினுக்குத் தெரிவிக்கும். அந்தப் புள்ளியிலிருந்துதான் மற்ற அளவுகள் எல்லாம் தொடங்கும். கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் இன்ஜினிலுள்ள மெல்லிய எரிபொருள் குழாய்களை அளப்பதற்காக, இங்கிலாந்தில் டேவிட் மெக்மர்ட்ரி என்ற பொறியாளர் 1972-இல் இதைக் கண்டுபிடித்தார். உள்ளே மூன்று சிறு கம்பிகள் ஆறு உருண்டைகளின் மீது அமர்ந்திருக்கும். அவற்றின் வழியே சிறிதளவு மின்சாரம் ஓடும். ஊசி எதிலாவது பட்டால் அந்த ஓட்டம் தடைப்படும். அந்தத் தடைதான் சாட்சி. ஆனால் வேறு மின்சாரம் அந்த வயரில் புகுந்துவிட்டால், எதையும் தொடாமலேயே 'தொட்டுவிட்டேன்' என்று அது பொய்ச்சாட்சி சொல்லிவிடும்.

முதியவர் புரோப்பை அந்தரத்தில் நிறுத்தினார். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வைக்கச் சொன்னார். ஊசியின் அருகில் ஒன்றுமே இல்லை. ஆயினும் புரோப்பின் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது! மெஷின் பாடிக்கும் கண்ட்ரோல் பேனலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில், வெல்டிங் தீப்பொறி பறக்கும்போதெல்லாம் முள் துள்ளியது. பக்கத்துக் கொட்டகை மஃரிபோடு மூடிவிடும். இரவில் பிழை வராததன் இரகசியம் அதுதான்.

பின்னர் எர்த் கம்பியின் வழியே தேடிச் சென்றார். மெஷினில் அது பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. வெளியே எர்த் குழியில் நட்டும் போல்ட்டும் துருவேறி, தொட்டவுடன் உதிர்ந்தன. எண்ணூர் முதல் இராயபுரம் வரை உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை நம் வீட்டு ஜன்னல் கம்பிகளே சொல்லும். கண்ட்ரோல் பேனலுக்கோ வேறொரு நல்ல எர்த் இருந்தது. மெஷின் பாடியில் கசிந்த மின்சாரம் பூமிக்குப் போக வழியின்றி, புரோப் வயரின் மேலுறையான ஷீல்டின் வழியே பேனலுக்குப் பாய்ந்திருக்கிறது. பக்கத்து வெல்டரும் தம் எர்த் கிளாம்ப்பை வேலைப் பொருளில் மாட்டாமல் இரு கொட்டகைக்கும் பொதுவான இரும்புத் தூணில் மாட்டியிருந்தார்.

பெயின்ட்டைச் சுரண்டி, புது லக் வைத்து முடுக்கினார். எர்த் குழியின் இணைப்பைப் புதுப்பித்தார். மெஷினுக்கும் பேனலுக்கும் தனித்தனியே தடித்த செம்புக் கம்பி இழுத்து, ஒரே எர்த் பட்டையில் சேர்த்தார். ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் இணைத்து, மெஷின் பக்கம் துண்டித்தார். மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்த புரோப் வயரைப் பிரித்துத் தள்ளி வைத்தார். வெல்டரும் கிளாம்ப்பை மாற்றிக்கொண்டார். மீண்டும் வெல்டிங் நடந்தது, விளக்கு அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

புறப்படும்போது முதியவர், "பாய், காஸ்டிங் போனது பெரிதில்லை. எர்த் இல்லாத மெஷினில் இன்னும் பெரிய கசிவு வந்திருந்தால் பையன் போயிருப்பான்" என்றார். பட்டறைக்காரச் சகோதரர் வாயடைத்து நின்றார். நாமும்தான்.

அன்பானவர்களே! சந்தேகத்தைத் தவிர்க்கவும், வரும் செய்தியை விசாரித்துத் தெளியவும் அல் ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஆண்டுதோறும் அதைப் பாடமாக நடத்துகிறவர்கள் நாம். ஆனால் அன்று அதன்படி நடந்தவர் அந்த முதியவர்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நாம் கயிற்றைச் சோதிக்காமல் ஓதுவதோடு நின்றுவிட்டோம். கண்ணேறை நம்புவது ஈமானுக்கு முரணல்ல. அதைக் காரணம் காட்டித் தேடலை நிறுத்துவதும், நிரூபிக்கப்படாத குற்றத்திற்காகத் தொழிலாளியின் கூலியில் கை வைப்பதும் பெருந்தவறு.

அன்று மாலையே நாம் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டோம். "ஹஜ்ரத், நீங்கள் போய்..." என்று அவன் தலை குனிந்தான். முதலாளிச் சகோதரரும் அவன் கையைப் பற்றிக்கொண்டு, அவன் சம்பளத்தை முழுமையாகக் கொடுத்தார்.

உங்கள் பட்டறையிலோ வீட்டிலோ மெஷின், கிரைண்டர், மோட்டார் எதுவாயினும் சுள்ளென்று இழுத்தால் அலட்சியம் செய்யாதீர்கள். மெயினை அணைத்துவிட்டுத் தெரிந்தவரை அழையுங்கள். மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் எர்த் இணைப்பைச் சோதியுங்கள். உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகள் ஒன்றைச் சொன்னால், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களையும் தொழில்களையும் பாதுகாத்து, பிறரைப் பற்றிய தீய எண்ணங்களிலிருந்து நம் உள்ளங்களைத் தூய்மைப்படுத்துவானாக! ஆமீன்.