விழுவதற்கு முன்பே வேண்டும் ஏற்பாடு!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, மருத்துவர், அறுவை செய்பவர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் என்று எல்லாவற்றையும் அது பட்டியல் போடுகிறது. நோயாளி வருவதற்கு முன்பே மருந்து தயார்!

மண்பாதையில் கியர் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கும் இந்த முன்யோசனைதான் தேவை. தார்ச்சாலையில் விழுந்தால் நாலு பேர் ஓடிவருவார்கள். ஆற்றோர ஒற்றையடிப் பாதையில் கூப்பிட்டாலும் கேட்க ஆள் இருக்காது.

ஹெல்மெட் இல்லாமல் கிளம்பவே கூடாது. மணலைக் கண்டதும் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால், சக்கரம் புதைந்து ஆள் தலைகுப்புற விழுவார். மணல் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, லேசான கியருக்கு மாறி, உடம்பைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்துச் சீராக மிதிக்க வேண்டும். முடியவில்லையா? இறங்கித் தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீருக்குள் சைக்கிளை விடாதீர்கள். அடியில் எவ்வளவு பள்ளமென்று தெரியாது. சீமைக்கருவேல முள் டயரைப் பதம்பார்க்கும். மாற்று டியூப், காற்றடிக்கும் பம்ப், குடிதண்ணீர், கட்டுத்துணி பையில் இருக்கட்டும். தனியாகப் போவதைவிட இரண்டு பேராகப் போவது நல்லது.

தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால், சைக்கிள் கிடக்கட்டும்; உடனே 108-ஐ அழையுங்கள். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள். நேரம் தாண்டினால், எங்கே தேடுவதென்று அம்மாவுக்காவது தெரியும்.