பதினைந்து ஆடு, மூன்று புலி

போர் விளையாட்டுன்னா மேசை மேல வரைபடம் விரிச்சு, குட்டிக் குட்டி சிப்பாய் பொம்மைகளை நகர்த்துறதுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. எச்.ஜி.வெல்ஸ் 1913லயே இதுக்கு 'லிட்டில் வார்ஸ்'னு விதிப்புத்தகம் போட்டாரு. அந்த பொம்மைகளோட விலையைப் பார்த்தா நமக்குத் தலை சுத்தும். கவலையை விடுங்க மக்களே! கரித்துண்டும் திண்ணையும் இருந்தா நம்ம ஊர் போர் விளையாட்டு ரெடி: ஆடு புலி ஆட்டம்.

வழக்கமா 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. செஸ் மாதிரி ரெண்டு பக்கமும் சம பலம் கிடையாது. புலி தாண்டி வெட்டும். ஆட்டால வெட்டவே முடியாது, புலியை நகர விடாம அடைக்கணும். அதுவும் 15 ஆட்டையும் இறக்கி முடிக்கிற வரைக்கும் எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது.

புதுசா வர்றவங்க எல்லாரும் புலிதான் கேப்பாங்க. என் ஓட்டு ஆட்டுக்குத்தான். ஆட்டுக்குப் பின்னாடி புள்ளி காலியா இருந்தாத்தான் புலியால தாண்ட முடியும். அதனால எங்க காங்கேயம் பக்கம் மேய்ச்சல் காட்டைச் சுத்தி கிளுவை வேலி போடுற மாதிரி, சந்து விடாம ஆடுகளை நிறுத்தணும். சமயத்துல ஒரு ஆட்டை வேணும்னே கொடுத்து, புலியை மூலைக்கு இழுக்கணும். காமர்ஸ் படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான்: சின்ன நட்டம், பெரிய லாபம். ஆனா அஞ்சாறு ஆடு போயிட்டா அடைக்க ஆள் பத்தாது :)

கடைசிப் புலியும் வழியில்லாம நிக்கும்போது வர்ற சந்தோஷம் எனக்கு செக்மேட்ல கூட வந்ததில்லைங்க. அடுத்த தடவை புலியை எதிராளிக்கே விட்டுக் கொடுத்துப் பாருங்க.