இரண்டு சாக்கு மிளகு

கொச்சங்காடி. காலை பத்தரை. மட்டாஞ்சேரிச் சந்தில் சரக்கு ஆட்டோ ஒன்று ரிவர்ஸில் வருகிறது. பின்னால் சணல் சாக்குகள். மிளகு நெடி. செம்பிட்ட பள்ளிவாசல் மதிலை ஒட்டி மடக்கிய குடைகள், முதுகுப் பைகள், கழுத்தில் ஆடும் அடையாள அட்டைகள். 1967இல் தொடங்கிய கொச்சின் காலேஜ் இந்தப் பகுதியில்தான்.

ஒரு கல்லூரி வகுப்பறை. பி.காம். புள்ளியியல் பாடவேளை. சராசரி என்ற தலைப்பு பலகையில் முடிந்து கிடக்கிறது.

"மனசிலாயோ?" புரிந்ததா என்று மிஸ் கேட்கிறார்.

"மனசிலாயி." கோரஸ். கடைசி பெஞ்சின் குரல் எல்லாவற்றையும் விடப் பலம். கடைசி பெஞ்சின் நோட்டு மூடியிருக்கிறது.

மிஸ் புதிய சாக்பீஸ் எடுக்கிறார். பலகையில் இரண்டு சாக்கு வரைகிறார். ஒவ்வொன்றிலும் 60 கிலோ மிளகு. முதல் சாக்கின் லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் மிளகின் எடை, 600 கிராம். இரண்டாவது லேசான சரக்கு, 400 கிராம். இரண்டையும் தரையில் கொட்டிக் கலந்தால் லிட்டர் எடை என்ன? ஒரு விரல்: 500. இரண்டு விரல்: 500க்குக் கீழே. மூன்று விரல்: மேலே.

முன்பெஞ்ச்சுக்காரன் கை உடனே உயர்கிறது. மிஸ் தலையசைக்கிறார். கூப்பிடவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. மின்விசிறி சுற்றுகிறது. ஒரு பேனா மூடி கீழே விழுந்து உருள்கிறது. யாரும் குனியவில்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிநாடாக்களை வைத்துக்கொண்டு நொடிகளை எண்ணினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்றாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலே வராத கேள்விகள் குறைந்தன.

மிஸ்ஸின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது.

"விரல்."

நெஞ்சோடு ஒட்டி விரல்கள். அடுத்தவருக்குத் தெரியாது, மிஸ்ஸுக்கு மட்டும் தெரியும். பெரும்பாலும் ஒரு விரல். முன்பெஞ்ச்சுக்காரனும் ஒரு விரல்.

மிஸ்ஸின் முகத்தில் சரியும் இல்லை, தவறும் இல்லை. "பக்கத்துல இருக்கிறவங்ககிட்டப் பேசுங்க."

1991இல் ஹார்வர்டில் எரிக் மசூர் தன் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்த முறை இது. முதலில் தனியாக ஒரு பதில். பிறகு பேச்சு. பிறகு மீண்டும் பதில். பின்னாளில் அங்கே பொத்தான் கருவிகள் வந்தன. இங்கே விரல்கள்.

அறை இரைகிறது. மட்டாஞ்சேரியில் மிளகு விலையைக் கூவிக் கூவி முடித்த மண்டபத்தில் இந்த இரைச்சல் ஒரு காலத்தில் தினசரி வேலை.

மூன்றாம் பெஞ்ச். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதிப் பெண், வீட்டில் தமிழ். "லேசான மிளகு நிறைய இடம் அடைக்கும்டி. குவியல்ல அதுதானே ஜாஸ்தி?" தோழி மலையாளத்தில் மறுக்கிறாள். மறுத்தபடியே நோட்டில் இரண்டு குவியல் வரைகிறாள். ஒன்று பெரிதாக வருகிறது. பென்சில் நிற்கிறது.

மிஸ் அந்த பெஞ்ச் அருகே நிற்கிறார். கேட்கிறார். ஒன்றும் சொல்லாமல் நகர்கிறார். கையடக்க நோட்டில் ஒரு கோடு.

மறுபடி விரல்கள். இப்போது பெரும்பாலும் இரண்டு. முன்பெஞ்ச்சுக்காரன் மட்டும் ஒன்று. மிஸ் சாக்பீஸை அவனிடம் நீட்டுகிறார்.

அவன் எழுதுகிறான். 60 கிலோ, 600 கிராம் வீதம்: 100 லிட்டர். 60 கிலோ, 400 கிராம் வீதம்: 150 லிட்டர். மொத்தம் 250 லிட்டர், 120 கிலோ. வகுக்கிறான். 480. பக்கத்தில் தானே போட்டுவைத்த 500ஐப் பார்க்கிறான். உள்ளங்கையால் அழிக்கிறான். சட்டையில் வெள்ளை.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். உள்மதிப்பீடு 30, செமஸ்டர் இறுதித் தேர்வு 70. கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு 2024 ஜூலையில் தொடங்கியது. எம்.ஜி. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகளின் அட்டவணை. நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல் என்று போகிறது. ரசனைக்கும் ஓர் எழுத்துக்குறி உண்டு.

போன வாரத்து அசைன்மென்ட்டுகள் திரும்பி வருகின்றன. தாள்கள் புரளும் சத்தம். முதல் பக்கம். கடைசிப் பக்கம். மறுபடி முதல் பக்கம். மார்க் இல்லை. ஓரத்தில் பச்சை மையில் மூன்று வரி: எது நிற்கிறது, எது நிற்கவில்லை, அடுத்து என்ன செய்வது.

"மிஸ், மார்க்?"

"திருத்தி எழுதிக் கொண்டு வாங்க. அப்புறம்."

முனகல். பிறகு, வேறு வழியில்லாமல், மூன்று வரியையும் படிக்கிறார்கள். 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் அப்படி முன்னேறவில்லை.

மணியடிக்க இன்னும் இரண்டு நிமிடம். கால் தாள் துண்டுகள். பெயர் வேண்டாம். இன்று எது பிடிபடவில்லை, ஒரு வரி.

வகுப்பு காலியாகிறது. மிஸ் மேசையில் துண்டுகளை அடுக்குகிறார். மூன்று கட்டு. முதல் கட்டு: எல்லாம் புரிந்தது. இரண்டாவது, எல்லாவற்றிலும் தடித்தது: இது பரீட்சைக்கு வருமா? மூன்றாவதில் ஒரே துண்டு: சம எடைக்குப் பதில் சம லிட்டர் கலந்தால்?

முதல் கட்டு மேசை இழுப்பறைக்குள் போகிறது. மூன்றாவது, கையடக்க நோட்டுக்குள். தடித்த கட்டின் மேல் துண்டில் மிஸ் பச்சை மையில் எழுதுகிறார்:

வரும். சாக்கு மாறும்.