கோடு பொருந்தினால் போதுமா?

பெயின்ற் பூசின இரும்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்குதா எண்டு பெயின்றைச் சுரண்டாமலே பார்க்கலாம். விஞ்ஞான பீடத்தில படிக்கிற எங்கட சிநேகிதி ஒருத்தி செய்யிறது அதைத்தான். இரும்பை உப்புத்தண்ணியில வைச்சு, 10 மில்லிவோல்ற் அளவான ஆடல் அழுத்தம் ஒண்டைக் குடுத்து, மீடிறனை மாத்தி மாத்தி மின்னோட்டத்தை அளக்கிறாள். இதுக்குப் பேர் இம்பீடன்ஸ் ஸ்பெக்ட்ரோஸ்கோபி. 0.01 ஹேர்ட்ஸில ஒரு சுற்று முடியவே 100 செக்கன் எடுக்கும். அளந்து முடியிறதுக்குள்ள இரும்பே மாறிப்போகலாம். அதால தரவு நம்பக்கூடியதா எண்டு கிராமர்ஸ்-குரோனிக் சோதனை வைச்சு முதலில பார்க்கவேணும்.

பிறகுதான் மென்பொருளின்ட வேலை தொடங்கும். தடையும் கொள்ளளவியும் சேர்ந்த ஒரு மின்சுற்றாக அந்த இரும்பை நினைச்சுக்கொள்ளுறது. 1947இல ரான்டில்ஸ் முன்வைச்ச சுற்று இண்டைக்கும் பாவனையில இருக்கு. எந்தச் சுற்று எண்டதையும் தொடக்கப் பெறுமானங்களையும் ஆள்தான் குடுக்கவேணும். அளந்த புள்ளிகளோட கோடு பொருந்தும்வரை மென்பொருள் அந்தப் பெறுமானங்களைத் திருத்திக்கொண்டு போகும். இம்பீடன்ஸ்.பை எண்ட பைதன் பொதி இலவசமாகவே கிடைக்குது. உரிமம் வாங்கக் காசில்லாத மாணவர்களுக்கு இது பெரிய உதவி.

எங்களை நிமிர்ந்து இருக்கவைச்சது இதுக்குப் பிறகு அவள் காட்டினதுதான். ஒரு சுற்றில இரண்டு தடை-கொள்ளளவிச் சோடிகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக இருக்கு. மற்றதில ஒரு சோடி மற்றதுக்குள்ள அடங்கியிருக்கு. இரண்டும் எல்லா மீடிறனிலும் அச்சொட்டாக ஒரே கோட்டைத்தான் கீறும். பொருத்தத்தின் பிழை அளவும் ஒண்டுதான். ஆனால் பெயின்றின்ட தடை எவ்வளவு எண்டு கேட்டால் இரண்டும் வேற வேற இலக்கம் சொல்லும். இன்னும் உறுப்புகளைச் சேர்த்தால் பொருத்தம் கூடத்தான் செய்யும், விளக்கம் கூடாது.

"உங்களுக்கென்ன, எதையும் எப்பிடியும் வியாக்கியானம் பண்ணலாம், எங்களுக்கு இலக்கம் வேணும்" எண்டு கலைப்பீடத்துக்காரர் நாங்கள் எத்தனைதரம் கேட்டிருக்கிறம். இலக்கத்துக்குக் கீழயும் ஒரு வாசிப்பு இருக்கு. அதுக்காக எல்லா வாசிப்பும் ஒண்டு எண்டு சொல்லவும் ஏலாது. பெயின்றின்ட தடிப்பை இரண்டு மடங்காக்கினால் அதின்ட கொள்ளளவு பாதியாக வேணும். எந்தச் சுற்று அப்பிடிக் காட்டுதோ, அதை நம்ப ஒரு காரணம் கிடைக்குது. வெட்டி நுணுக்குக்காட்டியில பார்த்தால் இன்னொரு காரணம்.

இந்தப் பழக்கத்தை எங்கட கட்டுரைகளுக்கும் எடுக்கலாம். ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்து ஒரு நாவலோட பொருத்துறது லேசு. அந்த வாசிப்புச் சரியெண்டால் நாவலில வேற எந்த இடத்தில என்ன தெரியவேணும் எண்டு கேட்டு, அங்க போய்ப் பார்க்கிறதுதான் கஷ்டம்.