கை பொறுக்கும் சூடு

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கம் உள்ள அந்த டீக்கடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது விடிகாலை மணி நாலு. பாய்லருக்குள் போட்டிருந்த காசு கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அந்தச் சத்தம் இருக்கும். "சத்தம் நின்னாத்தான் சார் திரும்பிப் பாப்பேன்" என்றார் மாஸ்டர். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆத்துறப்ப தெறிக்கும்."

ஐம்பதைத் தாண்டியவர். பதிமூன்று வயதில் கிளாஸ் கழுவ வந்து, பாய்லர் முன்னால் நிற்க ஏழெட்டு வருஷம் ஆனதாம். நாள் சம்பளம்தான், வராத நாளுக்குக் கிடையாது.

கிளாஸை வெந்நீரில் ஒரு அலசு அலசுகிறார். அது சுத்தத்துக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பச்சைத் தண்ணீர்ச் சில்லிப்போடு இருக்கும் கிளாஸில் டீயை ஊற்றினால் சூடு உடனே இறங்கிவிடும், சில நேரம் கிளாஸே விரிசல் விடும் என்றார். அப்புறம் சக்கரை, துணிப்பையிலிருந்து டிகாஷன், மேலே பால், ஒரு ஆத்து. இருபது விநாடிகூட ஆகவில்லை. பையில் இருப்பது நீலகிரி டஸ்ட். அசாமில் 1930-களில் வந்த சிடிசி இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டித் தள்ளுகிறதே, அதில் சலித்தெடுத்த பொடி. பொடி நைஸாக இருப்பதால் சாறும் நிறமும் நொடியில் இறங்கும், பாலுக்கும் ஈடுகொடுக்கும். மணக்க மணக்க இருக்கும் முழு இலைத் தேயிலை இந்த அவசரத்துக்கு உதவாது.

நான் பார்க்கப் போனது ஆத்துவதைத்தான். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்த லாரிக்காரருக்கு ஆத்தாமல், கொதிக்கக் கொதிக்க. சரம் கட்டும் அக்கா மடியில் பிள்ளை இருந்ததால் ஐந்தாறு தடவை ஆத்தி. மூட்டை இறக்குகிறவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓட வேண்டியவர். அவருக்கு இரண்டுக்கும் நடுவில். யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. டீயை ஆத்துவதில் இரண்டு காரியம் நடக்கிறது. கை உயர உயரச் சூடு தணிகிறது. காற்றுப் புகுந்து எழும் நுரை, மேலே மூடியாக நின்று மிச்சச் சூட்டைக் காக்கிறது.

65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்களைப் புற்றுநோய் வரவழைக்க வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியதைச் சொன்னேன். சிரித்தார். "அதுக்குத்தான சார் ஆத்துறது?" லாரிக்காரர் டீயைப் பற்றி நானும் கேட்கவில்லை.

ஒரு தடவை நானே ஆத்திப் பார்க்கிறேன் என்று போகணியை வாங்கினேன். பாதி டீ மணிக்கட்டில். ஒரு வார்த்தை பேசாமல் என் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தார். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காய்ப்பேறி, தோல் செருப்பு வார் மாதிரி இருந்தது.

டீக்கடையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இரட்டைக் குவளையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தலித்துகளுக்குத் தனி கிளாஸ் வைத்த கடைகள் இந்த மதுரைச் சுற்று வட்டாரத்திலும் இருந்தன. பேப்பர் கப் வந்ததும் அது ஒழிந்தது என்பவர்கள் உண்டு. தலித்துகளுக்கு மட்டும் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி என்று மாற்றிக்கொண்ட ஊர்களும் உண்டு. இந்தக் கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ்தான். வரிவரியாக, அடி கனமாக, விளிம்பைப் பிடித்தால் கை பொறுக்கும் கிளாஸ்.

மாஸ்டர் முகம் சுளித்தது ஒரே ஒரு தடவை, பார்சல் கேட்டபோது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. ஆனாலும் பையில் கட்டித் தரச் சொல்லி ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. "கொதிக்கிறத அதுல ஊத்துறப்ப பை நெளியும் சார். பாத்துக்கிட்டே ஊத்தணும்."

பார்சல் வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி எடுத்துப் போங்கள்.