வேலூர்த் தோட்டாவில் கொழுப்பு இல்லை



ஜூலை 10 நெருங்கினாலே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடுகிறது. 1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கொழுப்பு தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்தார்களாம். இந்த வருஷம் அதை அனுப்பியவன் ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன். அது 1857 கதை, கண்ணா. கோட்டைக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். எதற்காக என்பதையாவது மாற்றாமல் சொல்வோம்.

1806-இல் அவர்கள் கையில் இருந்தது பிரவுன் பெஸ் மஸ்கட். குழாயின் உள்விட்டம் 0.75 அங்குலம். அதற்கு வார்த்த ஈயக்குண்டோ சுமார் 0.69 அங்குலம்தான். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி, வேண்டுமென்றே விட்டது. கருமருந்து சுடச்சுடக் குழாய்க்குள் கரி அப்பிக்கொள்ளும். குண்டு இறுக்கமாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே இறங்காது. சின்னக் குண்டு என்றால் காகிதத்தோடு சேர்த்துக் குச்சியால் தள்ளினால் போய்விடும். கொழுப்பு எதற்கு?

இதற்கு விலை உண்டு. வெடித்த வாயு பக்கவாட்டில் கசியும். குண்டு சுவரில் இடித்து இடித்துப் போகும், வெளியே வரும்போது திசை அதற்கே தெரியாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைப்பது அதிர்ஷ்டம்தான். (ரிவால்வருக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்களுக்கும் குண்டு சிறுத்தால் இதே தொல்லை. கசியும் சூட்டில் ஈயம் உருகிக் குழாயில் பூசிக்கொள்ளும்.)

கோட்டைக்குள் தூரம் எங்கே இருந்தது? விடியலுக்கு முன் 69-ஆம் ரெஜிமெண்ட் வெள்ளைச் சிப்பாய்கள் படுத்திருந்த கட்டடத்தைச் சூழ்ந்து ஜன்னல் வழியே சுட்டார்கள். அங்கே எந்தக் குண்டும் கொல்லும். தப்பியவர்கள் மதில்மேல் ஒதுங்கினார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தபோது அவர்களிடம் தோட்டாவே தீர்ந்திருந்தது. முனையில் செருகிய கத்தியோடுதான் பாய்ந்தார்கள்.

1857-இல் பிரச்சினையான என்ஃபீல்டு வேறு சாதி. குழாய் 0.577, குண்டு 0.568 அங்குலம். இடைவெளி கால் மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே புரிவெட்டு வேறு. இவ்வளவு நெருக்கமாக இறங்க வழவழப்பு வேண்டும். கொழுப்பு வந்த வழி அது.

வேலூரில் வந்தது தோல். புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம். கூடவே நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு. மே மாதமே தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். ஜூலையில் கோட்டை வெடித்த பிறகு உத்தரவு வாபஸ் ஆனது. தளபதி கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் 1807-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

அந்த ஃபார்வர்டை அழித்துவிடு, கண்ணா. உனக்கு அனுப்பியவருக்கும் சொல்லு.